எல்லாருக்கும் சொன்ன பிறகு உனக்கு

மே 21

அன்புள்ள அண்ணிக்கு,

'அன்புள்ள' என்பது பழக்க தோஷத்தில் வந்துவிட்டது. கோபம் இன்னும் ஆறவில்லை. போனில் பேசினால் நாம் இருவரும் கத்துவோம், அண்ணன் "விடுங்கப்பா, விடுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே வெளியே நழுவிவிடுவார். அதனால்தான் கடிதம். நீங்களும் எழுதுங்கள். போன் செய்தால் எடுக்க மாட்டேன்.

ஆண்டுக் கூட்டத்தில், அத்தனை பங்குதாரர்களுக்கு நடுவே, நான் எழுந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அப்பா போனபோது நம் குழாய்க் கம்பெனியின் பங்கு எழுபதில் இருந்தது. பத்து வருடம் அண்ணன் நடத்தினார், ஒரு வருடமாக நீங்கள் நடத்துகிறீர்கள், இன்றைக்கு அறுபத்திரண்டு. பால் விலை, வீட்டு விலை, என் நர்சின் சம்பளம் எல்லாம் ஏறியிருக்கும்போது இது மட்டும் ஏன் இறங்கியது என்று கேட்டேன். நீங்கள் மேசைக்கு அடியில் கையை விட்டு என் மைக்கை அணைத்துவிட்டீர்கள். சத்தமே வராமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன். பின்வரிசையில் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். கண் டாக்டராக இத்தனை வருடத்தில் என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. பயப்படத்தான் செய்வார்கள்.

பொழுது போகாமல் நான் கேட்கவில்லை. கிளினிக் இருக்கும் கட்டிடத்தை அதன் சொந்தக்காரர் விற்கப்போகிறார். "டாக்டரம்மா, முதல் உரிமை உங்களுக்குத்தான். ரெண்டு வருஷம் டைம் தர்றேன். அதுக்கு மேல என் பையன் பொறுக்க மாட்டான்" என்கிறார். நான் போனால் இந்த இடம் துணிக்கடை ஆகிவிடும். கம்பெனியில் என் பங்கு பதினாலு சதவீதம். இன்றைய விலையில் அதில் பத்தை விற்றால்தான் கட்டிடம் கைக்கு வரும். வாங்கவும் ஆள் தயார். பூட்டுக் கம்பெனி முதலாளி, ஏற்கெனவே நம் பங்கில் பதினொரு சதவீதம் வைத்திருப்பவர், எழுபது தருகிறேன் என்று ஆள் அனுப்பியிருக்கிறார். உங்களுக்கும் அண்ணனுக்கும் சேர்த்து இருபதுதான். என் பத்து அவரிடம் போனால் அவருக்கு இருபத்தொன்று. அப்புறம் உங்கள் நாற்காலியில் யார் உட்காருவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? நேராகப் பதில் வேண்டும்.

சின்னவள்

ஜூன் 3

அருமைச் சின்னவளுக்கு,

அணைத்தது நான்தான். உன் கேள்வி சரியான கேள்வி. என்னிடம் இருந்தது அரைகுறைப் பதில். அதைச் சொல்லி மாட்டிக்கொள்வானேன் என்று மூளை யோசிப்பதற்குள் கை முந்திக்கொண்டது. மன்னித்துவிடு. உன் அண்ணனும் ஒரு வாரமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அது எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது.

விலை ஏன் ஏறவில்லை என்று அவரைக் கேட்டால், மார்க்கெட் சரியில்லை என்பார். பத்து வருடமாக அதைத்தான் சொன்னார். மார்க்கெட்டுக்கு நம்மோடு என்ன பகை? நாம் சம்பாதித்ததாகச் சொல்லும் லாபம் காசாக வங்கிக்கு வந்து சேர்வதில்லை. இது ரகசியம் ஒன்றும் இல்லை, ஆண்டறிக்கையிலேயே இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் அதைப் படிக்கிறார்கள், நம் லாபத்தை நம்ப மறுக்கிறார்கள், நம்பாத லாபத்துக்கு விலை கொடுக்க மறுக்கிறார்கள். இருபது வருடம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவள் சொல்கிறேன், அவர்கள் செய்வது நியாயம்தான்.

கட்டிடச் சொந்தக்காரர் உனக்குக் கொடுத்த இரண்டு வருடத்தை நீ எனக்குக் கொடு. பூட்டுக்காரருக்கு இப்போது விற்காதே. நான் கேட்பது அவ்வளவுதான்.

ஒரு நிபந்தனையும் உண்டு, கேட்டால் உனக்குக் கோபம் வரும். கம்பெனியில் என்ன செய்யப்போகிறேன் என்று முன்கூட்டி உனக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் அறிவித்த பிறகுதான் உனக்கு எழுதுவேன். எங்கோ மூலையில் பத்துப் பங்கு வாங்கி வைத்திருக்கும் முகம் தெரியாத ஆளுக்கும் உனக்கும் ஒரே நாளில் ஒரே சேதி. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நான் அப்படித்தான் இருப்பேன்.

அண்ணி

ஜூன் 19

அண்ணிக்கு,

நல்ல நிபந்தனை. அப்பா ஆரம்பித்த கம்பெனியைப் பற்றி அவர் பெண் பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு வருடம் தருகிறேன். பூட்டுக்காரரிடம் "இப்ப இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரக் கூடாது.

எங்கள் மயக்க மருந்து டாக்டருக்குப் பங்குச் சந்தை என்றால் உயிர். நோயாளி மயங்கியதும் போனை எடுத்துவிடுவார். அவர் சில யோசனைகள் சொன்னார். கம்பெனி பெயரின் வாலில் 'டெக்' என்று சேர்க்க வேண்டுமாம். ஒரு பங்கை ஐந்தாக உடைத்தால் விலை குறைவாகத் தெரியும், ஜனங்கள் ஓடி வந்து வாங்குவார்களாம். டிவியில் வாரம் ஒரு பேட்டி, அதில் நீங்கள் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு 'எதிர்காலம்' என்ற வார்த்தையை அடிக்கடி சொல்ல வேண்டுமாம். "இது மூணையும் செஞ்சா ஆறு மாசத்துல நூறு" என்று சத்தியம் செய்கிறார்.

ஏன் செய்யக் கூடாது? காசு செலவில்லாத காரியம்தானே?

சின்னவள்

ஜூலை 1

சின்னவளுக்கு,

உன் கிளினிக்கில் எழுத்துப் போர்டு ஒன்று மாட்டியிருப்பாயே, தூரத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்வாயே, அதில் கடைசி வரியைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடு. வருகிறவர் எல்லாரும் கடகடவென்று வாசித்துவிடுவார்கள். எல்லாருக்கும் பார்வை வந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து அனுப்புவாயா? உன் மயக்க மருந்து டாக்டர் சொல்கிற வைத்தியம் அதுதான். ஒரு மூக்குக் கண்ணாடியை ஐந்தாக உடைத்துக் கொடுத்தால் ஐந்து மடங்கு தெரியுமா என்றும் அவரைக் கேள்.

விலை ஏறும், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆறு மாதத்தில் வந்த வழியே இறங்கும். அந்த நடுவில் நூறில் வாங்கியவன் நம் குடும்பத்தைச் சபிப்பான்.

கோட்டு மட்டும் ஒன்று தைத்துக்கொள்கிறேன். உன் அண்ணனுடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போகிறேன், தோள் தொங்குகிறது.

அண்ணி

நவம்பர் 12

சின்னவளுக்கு,

நேற்று மாலை பங்குச் சந்தைக்கு அறிவித்துவிட்டேன். இனி உனக்குச் சொல்லலாம்.

டிசம்பர் கடைசி வாரத்துக்கு நம் ஆபீசில் 'தள்ளு வாரம்' என்று பெயர். நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய், வெளியில் யாருக்கும் இந்தப் பெயர் தெரியாது. நம் ஆண்டுக் கணக்கு டிசம்பரோடு முடியும், அதற்குள் விற்பனை இலக்கைத் தொட வேண்டும் என்று, கேட்காத கடைக்காரர் தலையில் எல்லாம் குழாயைக் கட்டுகிற வாரம். "எடுத்து வைங்கண்ணே, காசு மெல்லப் பாத்துக்கலாம்" என்று லாரி லாரியாக அனுப்புவோம். இலக்கைத் தொட்டதும் ஆபீசில் கேக் வெட்டுவோம். மேனேஜர்களுக்குப் போனஸ். பிப்ரவரியில் அதே பெட்டிகளில் பாதி, கீறல் விழுந்து, நம் கிடங்குக்கே திரும்பி வரும். கேக் தின்றவர்கள் அப்போது அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

இதில் இன்னொரு கூத்து. டிசம்பர் வரை பொறுத்தால் தள்ளுபடி கிடைக்கும் என்று கடைக்காரர்களுக்குப் பழகிவிட்டது. அதனால் அக்டோபரிலும் நவம்பரிலும் யாரும் வாங்குவதில்லை. விற்பனை குறைந்துவிட்டதே என்று டிசம்பரில் இன்னும் பலமாகத் தள்ளுவோம். நம் கண்ணில் நாமே மண்ணைத் தூவிக்கொண்டு, அதற்கு வங்கியில் கடனும் வாங்கி, வட்டியும் கட்டிக்கொண்டிருந்தோம்.

இந்த வருடம் தள்ளு வாரம் கிடையாது. இனி எந்த வருடமும் கிடையாது. மேனேஜர்களின் போனசையும் மாற்றிவிட்டேன். எவ்வளவு சரக்கு வெளியே போனது என்பதற்கு இனி போனஸ் இல்லை. எவ்வளவு காசு உள்ளே வந்தது, போட்ட முதலுக்கு எவ்வளவு கிடைத்தது, இவை இரண்டுக்கும்தான். விற்பனைத் தலைவர் மீசையைத் தடவிக்கொண்டே வந்தார். "மேடம், டிசம்பர்ல தள்ளலைன்னா எனக்குத் தூக்கமே வராது" என்றார். "இத்தனை வருஷம் பிப்ரவரியில எப்படித் தூங்குனீங்க?" என்றேன். மீசை தடவுவதை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார்.

இந்த ஆண்டின் விற்பனை விழும். அதையும் அறிவிப்பிலேயே எழுதிவிட்டேன். நானும் பயந்துபோய்த்தான் இருக்கிறேன், உன்னிடம் அதை மறைக்கவில்லை.

அண்ணி

பிப்ரவரி 24

அண்ணிக்கு,

நாற்பத்து நாலு! நேற்று ரிசல்ட் வந்தது, இன்றைக்கு நாற்பத்து நாலு. விற்பனை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். மயக்க மருந்து டாக்டர் என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார், அவரும் நம் பங்கை வாங்கி வைத்திருந்தாராம்.

பூட்டுக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். ஒரு பெரிய பழக்கூடை. டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, நோயாளி நாற்காலியில் ஏறிக்கொண்டார். கண்ணைப் பரிசோதித்தேன். அருமையான கண், ஒரு குறையும் இல்லை. வெளியே போகச் சொன்னேன், போகவில்லை.

"உங்க அண்ணி கம்பெனியை மூடிட்டுத்தான் ஓய்வாங்க போல. இப்பவும் நான் அம்பத்தஞ்சு தர்றேன். நாளைக்கு அதுவும் கிடைக்காது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு முன்னாடியே காதுல போட்டிருப்பாங்களே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வீட்டுப் பொண்ணுக்கே சொல்லலையா!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். இரண்டாவது தடவையாக ஒருவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார் அண்ணி, இரண்டு தடவையும் உங்களால்தான்.

நவம்பரில் ஒரே ஒரு நாள் முன்னால் சொல்லியிருந்தால் அறுபத்திரண்டிலேயே பத்தை விற்று, கட்டிடத்தை வாங்கிப் பூட்டியிருப்பேன். ஒரு நாள்தான் கேட்கிறேன், ஒரு நாள். நான் என்ன வேற்று ஆளா?

இப்போது சந்தை விலையில் பதினாலையும் விற்றாலும் கட்டிடத்துக்குப் போதாது, போத வேண்டுமானால் பூட்டுக்காரரிடம்தான் போக வேண்டும். ராத்திரி படுத்தால் துணிக்கடைப் போர்டுதான் கண்ணுக்குள் தெரிகிறது.

சின்னவள்

மார்ச் 2

சின்னவளுக்கு,

ஒரு நாள் முன்னால் சொல்லியிருக்கலாம். நீ அறுபத்திரண்டில் விற்றிருப்பாய். உன்னிடமிருந்து வாங்குபவர் யார்? ஓய்வு பெற்ற பணத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் யாரோ ஒரு வாத்தியாராக இருந்திருப்பார். மறுநாள் காலையில் பேப்பரைப் பிரித்ததும் அவர் வயிறு எரிந்திருக்கும். கேட்காத கடைக்காரர் தலையில் குழாயைக் கட்டியதும் இதுவும் ஒன்றுதான். அதை நிறுத்திவிட்டு இதை எப்படிச் செய்வேன்? நீ வேற்று ஆள் இல்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விற்பதென்றால் விற்றுக்கொள். உன் சொத்து, உன் உரிமை. நான் குறுக்கே நிற்க மாட்டேன். உன்னோடு சண்டை போட்டுக்கொண்டு இந்த நாற்காலியில் உட்கார எனக்கு ஆசை இல்லை.

ஆனால் பேப்பர்க்காரன் போட்ட முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு முடிவெடுக்காதே. நாம் வெளியிட்ட ரிசல்ட்டை வாங்கி நாலாம் பக்கத்தைப் பார். பணவரவு என்று ஒரு தலைப்பு இருக்கும். விற்பனை குறைந்த அதே ஆண்டில் கைக்கு வந்த காசு எவ்வளவு, அதற்கு முந்தைய ஆண்டில் எவ்வளவு என்று பார். நோயாளி "எனக்கு நல்லாத் தெரியுது டாக்டர்" என்று சொன்னால் நீ நம்புவாயா, விளக்கை அடித்துப் பார்ப்பாயா?

இன்னொன்றும் நேற்று அறிவித்தாயிற்று. சுவர்க் கடிகாரப் பிரிவை மூடுகிறோம். உன் அண்ணன் ஆசை ஆசையாகத் தொடங்கியது. ஒன்பது வருடமாக அது ஒரு பைசா சம்பாதிக்கவில்லை, குழாயில் வந்ததைத் தின்றுகொண்டிருந்தது. யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை, அவர்களைக் குழாய்க்குள் தண்ணீரை அடைக்கிற சின்ன அடைப்பானைப் பூட்டுகிற பிரிவுக்கு மாற்றியிருக்கிறேன். சின்னச் சின்னத் திருகைப் பூட்டிப் பழகிய கை. உன் அண்ணன் இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாம் வேளை, "அந்த ஷோரூம்ல இருக்கிற பெரிய கடிகாரத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். காசு கொடுத்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கொடுத்தார்.

அண்ணி

ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணிக்கு,

ஐந்து மாதம் எழுதவில்லை. முதலில் கோபம், அப்புறம் வெட்கம்.

நாலாம் பக்கத்தை அன்றைக்கே படித்தேன். புரியவில்லை, மயக்க மருந்து டாக்டரைப் பிடித்து வைத்து விளக்கச் சொன்னேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "டாக்டர், இவங்க நெசமாவே சம்பாதிக்க ஆரம்பிச்சிருக்காங்க" என்றார். மறுநாளே இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டுக்கொண்டார். நான் மட்டும் ஒன்றும் செய்யாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

நேற்று வந்த அரையாண்டு ரிசல்ட்டை நானே படித்தேன், உதவி இல்லாமல். கடன் பாதியாகிவிட்டது. கடைக்காரர்கள் டிசம்பருக்குக் காத்திராமல் மாதா மாதம் வாங்குகிறார்கள், காசும் அந்தந்த மாதமே வருகிறது. திரும்பி வரும் பெட்டி கிட்டத்தட்ட இல்லை. விலை எழுபத்தி மூன்று. அப்பா காலத்து எழுபதைத் தாண்டிவிட்டது அண்ணி! கிளினிக்கில் எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன், என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்குக் குழாய் என்று சொன்னேன்.

பூட்டுக்காரர் திரும்பவும் வந்தார். இந்த முறை பழக்கூடை இன்னும் பெரியது. பேச்சுவாக்கில் தன் கம்பெனியைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டார். "எங்க வீட்ல அப்படி இல்லைங்க. ரிசல்ட் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே மச்சான், சித்தப்பா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். குடும்பம்னா அப்படித்தானே இருக்கணும்?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாளைக்கு அவர் நம் கம்பெனிக்கு முதலாளி ஆனால், மிச்சம் நாலு சதவீதத்தோடு நான் அங்கே யார்? மச்சானா, சித்தப்பாவா? பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற ஆள்தான். அதுவும் மச்சான் விற்று முடித்த பிறகு. உங்களிடம் நான் அதே பேப்பரைப் பார்க்கிற ஆள்தான், ஆனால் எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை. ஒரு வருடமாக அவமானம் என்று நினைத்துக்கொண்டிருந்தது அவமானமே இல்லை என்று அந்த மனிதர் வந்து சொல்லித்தர வேண்டியிருந்தது.

பழக்கூடையை வரிசையில் இருந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டேன்.

சின்னவள்

நவம்பர் 27

சின்னவளுக்கு,

கடன் அடைந்துவிட்டது. முழுவதும். வங்கி மேனேஜர் என்னை வாசல் வரை வந்து வழியனுப்பினார், முகத்தில் ஒரே சோகம்.

நேற்று அறிவித்தது இது. கையில் காசு சேர்ந்திருக்கிறது. இயக்குநர் குழுவில் ஆளாளுக்கு ஆசை. ஒருவர் ஓட்டல் கட்டலாம் என்றார். நம் விற்பனைத் தலைவர் மீசை, ஒரு டைல்ஸ் கம்பெனி விலைக்கு வருகிறது, வாங்கலாம் என்றார். டைல்சைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? இருக்கிற தொழிற்சாலைக்கு வேண்டிய இயந்திரத்துக்கு எடுத்து வைத்தது போக மிச்சத்தில், மலிவாகக் கிடைக்கும் நல்ல கம்பெனி ஒன்றைத்தான் வாங்க வேண்டும் என்றேன். "எது மேடம்?" என்றார்கள். "நம்மதுதான்" என்றேன்.

எண்பத்தைந்து விலை வைத்து, பங்குதாரர்களிடமிருந்து நம் பங்கையே திரும்ப வாங்கி, ரத்து செய்யப் போகிறோம். விருப்பம் உள்ளவர்கள் கொடுக்கலாம், இல்லாதவர்கள் வைத்துக்கொள்ளலாம். நீ கொடுக்கலாமா என்று என்னைக் கேட்காதே, நான் சொல்லக் கூடாது. நானும் உன் அண்ணனும் கொடுக்கவில்லை என்பது அறிவிப்பிலேயே இருக்கிறது.

மீசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த டிசம்பரில் அவருக்கு வேலை இல்லை. குடும்பத்தோடு டூர் போக லீவு கேட்டார். இருபத்தி ரெண்டு வருஷத்தில் முதல் டிசம்பர் லீவு என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. இந்த வருடம் அவர் வாங்கப்போகும் போனஸ், தள்ளு வாரத்தில் வாங்கியதைப்போல இரண்டு மடங்கு.

அண்ணி

ஜனவரி 30

அண்ணிக்கு,

இது என்ன மாயம்? நான் ஒரு பங்கும் கொடுக்கவில்லை, ஒரு பங்கும் வாங்கவில்லை. பதினாலு சதவீதமாக இருந்தது பதினைந்து ஆகிவிட்டது. மயக்க மருந்து டாக்டர் விளக்கினார்: கொடுத்தவர்களின் பங்கு ரத்தாகி மொத்த எண்ணிக்கை குறைந்துவிட்டதால், கொடுக்காதவர்களின் பங்கு கம்பெனியில் தானாகப் பெரிதாகிறதாம். அதே லாபத்தைப் பிரித்துக்கொள்ள ஆள் குறைவு. நான் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததற்கு இவ்வளவா?

பூட்டுக்காரரும் கொடுக்கவில்லையாமே? அப்படியென்றால் அவருடைய பதினொன்றும் பன்னிரண்டு ஆகியிருக்கும். எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

சின்னவள்

மே 24

சின்னவளுக்கு,

நேற்று ஆண்டுக் கூட்டம். நீ அறுவை சிகிச்சை நாளென்று வராமல் போய்விட்டாய். வாக்கை மட்டும் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டாய், பார்த்தேன்.

என் பதவிக் காலம் முடிந்து மறுபடி தேர்வு. பூட்டுக்காரர் தன் ஆளை நிறுத்தியிருந்தார். மண்டபம் நிரம்பி வழிந்தது. ஒரு கிழவர் எழுந்து, "நான் வாங்குனது நாப்பத்தி நாலுல. அன்னிக்கு என் பொண்டாட்டி என்னைத் திட்டாத திட்டு இல்ல. இன்னிக்கு நூத்தி நாப்பத்தெட்டு. இந்த வருஷ ஈவுத்தொகையில அவளுக்கு வளையல் வாங்கியாச்சு. நான் வேற எதுக்குங்க ஓட்டுப் போடணும்?" என்றார். மண்டபமே கை தட்டியது. எண்ணி முடித்தபோது நூறுக்கு எண்பத்தேழு எனக்கு. பூட்டுக்காரருடையதைத் தவிர எனக்கு எதிராக விழுந்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

நன்றி சொல்ல எழுந்தவள், எழுதி வைத்திருந்ததைப் படிக்காமல், எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றேன். உன் அண்ணன் முன்வரிசையில் எழுந்து நின்று தட்டினார். பத்து வருடம் அவர் உட்கார்ந்த நாற்காலி. "நீ நல்லா நடத்துற" என்று வீட்டுக்கு வரும் வழியில் ஒரே வார்த்தைதான் சொன்னார், எனக்கு அழுகை வந்துவிட்டது.

உனக்கு எரிச்சல் என்றாயே, எனக்கும்தான் இருந்தது. பூட்டுக்காரர் வாங்கிய விலை என்ன, இன்றைய விலை என்ன என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். அந்த மனிதரையும் நான்தான் பணக்காரர் ஆக்கியிருக்கிறேன். என்ன செய்ய? பங்குதாரர் என்றால் எல்லாரும்தான். பிடிக்காதவரை மட்டும் விட்டுவிட்டு விலையை ஏற்ற வழி தெரியவில்லை.

ரிசல்ட் எல்லாம் வெளியாகிவிட்டது. குடும்பத்தார் விற்க வாங்கத் தடை இல்லாத நாட்கள் இவை. உன் இரண்டு வருடம் முடியப்போகிறது என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ என்ன முடிவெடுத்தாலும் எனக்குச் சம்மதம்.

அண்ணி

ஜூன் 11

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை என் சொந்தக் கட்டிடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் பதிவு முடிந்தது. சொந்தக்காரர் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து, "என் பையன் துணிக்கடை துணிக்கடைன்னு உயிரை வாங்கிட்டிருந்தான். நான்தான் டாக்டரம்மா எப்படியும் வாங்கிடுவாங்கன்னு சொன்னேன்" என்றார். அந்த மனிதருக்கு இருந்த நம்பிக்கை பாதி நாள் எனக்கு இல்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன வாரம் பூட்டுக்காரர் வந்தார். பழக்கூடை இல்லை, உட்காரவும் இல்லை. "நூத்தி அறுபத்தஞ்சு. மார்க்கெட்டை விடப் பதினஞ்சு ஜாஸ்தி. உங்க பதினஞ்சையும் மொத்தமாக் குடுத்துடுங்க, இல்லைன்னா ஒண்ணும் வேண்டாம்" என்றார். அண்ணி, அது எவ்வளவு பணம் என்று நினைத்ததும் தலை சுற்றியது. இந்தத் தெருவையே வாங்கலாம். அவருடைய பன்னிரண்டோடு என் பதினைந்து சேர்ந்தால் இருபத்தேழு, உங்கள் இருவருடையதைவிட அதிகம் என்பதும் அதே தலையில்தான் ஓடியது.

"விக்கப்போறது நாலுதான் சார்" என்றேன். "அதுவும் உங்களுக்கு இல்ல, மார்க்கெட்ல. வேணும்னா எல்லாரையும் மாதிரி அங்க போய், அன்னிக்கு என்ன விலையோ குடுத்து வாங்கிக்குங்க."

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மறுநாள் நாலையும் சந்தையில் விற்றேன். நூற்றி ஐம்பது. அந்தப் பணமும் இரண்டு வருட ஈவுத்தொகையும் கட்டிடத்துக்குச் சரியாக வந்தது. முதலில் பத்தை விற்க வேண்டியிருந்த இடத்தில் நாலு. மீதிப் பதினொன்று என்னிடம் இருக்கிறது, அதை உங்கள் பக்கம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு மத்தியானம் மயக்க மருந்து டாக்டர் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பெரிய அளவில் பங்கு கை மாறினால் வாங்கியது யார் என்று சந்தை வெளியிடுமாமே, அந்த அறிவிப்பு. நான் விற்ற நாலையும் வாங்கியது பூட்டுக்காரர். மொத்தமாகத் தராவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்றவர் வேறு வழியில்லாமல் சந்தைக்குப் போய், கிடைத்ததை எல்லாம் அள்ளியிருக்கிறார். பதினாறு சதவீதம் வைத்துக்கொண்டு அவரால் உங்கள் நாற்காலியைத் தொடக்கூட முடியாது.

நான் சிரித்த சிரிப்பில் வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் பயந்துவிட்டார்கள். அண்ணி, நம் கட்டிடத்தை நமக்கு வாங்கிக் கொடுத்தது அவர் பணம். வரிசையில் நின்று, முழு விலை கொடுத்து, அவராகவே வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

சின்னவள்